ஈட்டியின் பெயர்ச்சீட்டு

டர்பன்
11 பிப்ரவரி 1957

அன்புள்ள அக்கா பலேகிலேவுக்கு,

தம்பி துமேஸ்வேனி எழுதுவது. நான் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? ஜாபிசாவுக்குப் பல் விழுந்ததே, முளைத்ததா?

ஒரு நல்ல செய்தி. அருங்காட்சியகத்தில் இனி நான் தரை துடைக்க வேண்டாம். போன வாரம் ஒரு பெரிய இழுப்பறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருநூற்றுச் சொச்சம் ஈட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. எல்லாச் சீட்டிலும் ஒரே சொல், 'அசெகாய்', வெள்ளைக்காரர்கள் நம் ஈட்டிக்கு வைத்த பேர். நம் ஆட்கள் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரை பார்த்துவிட்டார்.

"என்னடா சிரிப்பு?"

"பட்டியில இருக்கிற அத்தனைக்கும் 'மாடு'ன்னு பேர் வெச்சா சிரிக்க மாட்டாங்களா துரை?"

"அப்ப நீயே பேர் சொல்லு, பாப்போம்."

சொன்னேன். இது இக்ல்வா. குட்டைக் காம்பு, கிட்டே நின்று குத்துகிற ஈட்டி, கையை விட்டுப் போகாது. அது இசிஜூலா. நீளக் காம்பு, சின்ன அலகு, தூர நின்று எறிவது. முள் வைத்தது தலைவர்கள் கையில் பிடிப்பது. பத்து ஈட்டி முடிவதற்குள் எனக்கு நாற்காலி போட்டுவிட்டார். இப்போது என் வேலை சீட்டு எழுதுவது. இடது கைக்காரன் என்பதால் எழுத எழுத மையைக் கையாலேயே ஈஷிவிடுகிறேன். துரை தலையில் அடித்துக்கொள்கிறார்.

உன் மாமனாரின் ஆவியை வீட்டுக்குத் திரும்ப அழைக்கும் சடங்கு எப்போது? அவர் இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. பலி மாட்டைக் குத்த அவருடைய ஈட்டிதானே எடுப்பீர்கள்? உன் கல்யாணத்தன்று அதன் காம்பு ஆட்டம் கண்டபோது நான்தான் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தேன். அந்தக் கட்டு இன்னும் நிற்கிறதா என்று அத்தானிடம் கேட்டு எழுது.

உன் தம்பி,
துமேஸ்வேனி

*

மசிங்கா
3 மார்ச் 1957

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் கால் ஊன்றி நடக்கிறோம். உன் உடம்பு எப்படி? ஜாபிசாவுக்குப் பல் முளைத்துவிட்டது, கோணலாக.

உன் கடிதத்தை வழக்கம்போல உன் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாதே தவிர, கடிதம் என்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டாக வேண்டும். விழுந்து விழுந்து சிரித்தார். "ஈட்டியப் பேர் சொல்லிக் கூப்பிடறதுக்குச் சம்பளமா! உன் தம்பிக்கு அடிச்சுது பாரு யோகம்! நாளைக்கு அவனப் பட்டிக்கு அனுப்பு, என் ஆடுங்களுக்கும் பேர் வெக்கட்டும்" என்றார்.

சடங்கு மே மாதம், அறுவடை முடிந்ததும். புள்ளிக் காளையைக் குறித்து வைத்திருக்கிறார். கட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறதாம். பெரியவருடைய ஈட்டி பெரியவர் குடிலில் பின்மூலையில் இருக்கிறது. முன்னோர் இருக்கும் அந்த மூலைக்கு இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் போகக் கூடாது என்று உனக்குத் தெரியும். பத்து வருடமாக வாசலோடு நிற்கிறேன், அங்கிருந்து மூலை தெரியாது.

இந்த மாதக் கடைசியில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். பெரியவர் போன பிறகு இந்த வீட்டுக்குத் தலைவர் இவர்தான் என்பதால் முதல் வரிசையில் ஆட வேண்டுமாம். இப்போதே முற்றத்தில் குதித்துப் பழகுகிறார். கோழிகள் பாவம்.

அக்கா,
பலேகிலே

*

மசிங்கா
2 ஏப்ரல் 1957

தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

கல்யாணத்தில் சண்டை வந்துவிட்டது. ஆட்டத்தில் யார் யாரை இடித்தார்கள் என்று ஆரம்பித்தது. அந்தக் கரைக்காரன் கோபோஸி செத்துப்போனான். விலாவில் ஈட்டி, காம்பு முறிந்து அலகு உள்ளேயே நின்றுவிட்டது. விதவை வீட்டுப் பையன் ஃபலாகேயைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஓடைக்கு இந்தக் கரையிலிருந்து அவன் ஓர் ஈட்டியை எறிந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். ஓடையில் விழுந்தது என்று அவன் சொல்கிறான், தேடினால் கிடைக்கவில்லை.

நம் வீட்டில் யாருக்கும் அடி இல்லை.

சடங்கைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். புள்ளிக் காளைக்குக் கால் நொண்டுகிறதாம். நான் பார்த்தவரை நன்றாகத்தான் நடக்கிறது.

உன் அத்தானுக்கு வயிறு சரியில்லை. தினம் ஒரு சுரைக்குடுக்கை அமாசித் தயிர் காலி செய்கிறவர், கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து அதைத் தொடுவதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அக்கா

*

டர்பன்
20 ஏப்ரல் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் யாருக்கும் அடி படவில்லை என்றதும் மூச்சு வந்தது. ஃபலாகேயை எனக்கு நன்றாகத் தெரியும். ஆட்டை அடிக்கக் கல் எறிந்தால் அடுத்த வீட்டுப் பானையை உடைப்பான். அவன் எறிந்த ஈட்டி குறி தவறாமல் ஒருவன் விலாவில் போய் நின்றதா? ஆச்சரியம்தான்.

அத்தானுக்கு வயிற்று மருந்து ஒரு புட்டி பஸ் ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கரண்டி. புட்டியைக் குலுக்கிவிட்டுக் குடிக்கச் சொல்.

சீட்டு எண்ணிக்கை தொண்ணூறு தாண்டிவிட்டது.

துமேஸ்வேனி

*

டர்பன்
14 மே 1957

அக்காவுக்கு,

நலம். நலமா?

முதல் பக்கத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டு. இங்கே மழை. துரை எனக்கு ஒரு பழைய கோட்டு கொடுத்தார், தோள் பெரிது. பக்கத்து அறைக்காரன் நான் தூக்கத்தில் ஈட்டிப் பேர்களை வரிசையாகச் சொல்வதாகப் புகார் செய்கிறான்.

இந்தப் பக்கத்தை உனக்குள்ளேயே படித்துக்கொள்.

நேற்று நீதிமன்றத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கோபோஸியின் விலாவிலிருந்து எடுத்த ஈட்டி. அலகும், கை நீளம்கூட இல்லாத காம்புத் துண்டும். இது எறியீட்டியா, குத்தீட்டியா என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எறியீட்டி என்றால், ஓடைக்கு நம் கரையிலிருந்து எறிந்த ஃபலாகே. குத்தீட்டி என்றால், கோபோஸிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன். அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

துரை அலகை அளந்து பார்த்தார். "ரொம்பக் குறுகல். எறியறதுதான். நீயும் பாத்து ஒரு கையெழுத்து போட்டுடு" என்றார். அலகு குறுகலாக இருப்பது உண்மை. ஒரு காலத்தில் அகலமாக இருந்து, வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டி ஒடுங்கியது. அது தீட்டியவர்களுக்குத் தெரியும், அளப்பவர்களுக்குத் தெரியாது.

அலகும் காம்பும் சேரும் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது அக்கா. எல்லோரும் சுற்றும் பக்கமாக இல்லை, எதிர்ப்பக்கமாக. இந்த இழுப்பறையில் இருக்கும் இருநூற்றுச் சொச்சத்தில் ஒன்றில்கூட அப்படி இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு என் இடது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வயிற்று மருந்து அனுப்பினேனே, எவ்வளவு பெரிய முட்டாள் நான்! மனித ரத்தம் பட்ட கை, மருந்தால் கழுவித் தீட்டு போகும்வரை தயிரைத் தொடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கழுவ வைத்தியரைக் கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் கூப்பிடவும் முடியாது. அப்படித்தானே?

பெரியவருடைய பொருள் மூலையில் இருக்கிறதா? இருக்கிறது என்று ஒரு வரி எழுது. எனக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன்.

தம்பி

*

மசிங்கா
30 ஜூன் 1957

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் தாமதம். சோளம் அறுத்து உள்ளே போட்டோம். நல்ல விளைச்சல். சின்னவளுக்கு இருமல், இப்போது பரவாயில்லை. கோட்டின் தோளை உள்ளே மடித்துத் தைத்தால் சரியாக இருக்கும்.

உன் கடிதம் வந்த அன்று முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்தினேன். அவர் காகிதத்தையே பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ரெண்டு காகிதம் இருக்கு. மழை பெய்யுதுன்னு சொல்ல எதுக்கு ரெண்டு காகிதம்?"

"அவன் எழுத்து பெருசு. இடது கை."

"உம்" என்றார்.

நீ மூலையைப் பற்றிக் கேட்டாய். அது நான் போகும் இடம் இல்லை. உன் அத்தானின் சித்தப்பா வந்து சடங்கு எப்போது என்று கத்திவிட்டுப் போனார். "எங்க அண்ணன் இன்னும் எவ்வளவு நாளு வெளியில அலையணும்? சொந்த வீட்டு வாசல்ல விருந்தாளி மாதிரி நிக்கிறாரு!" என்றார். இவர் மழை வரட்டும் என்றார். காளைக்குக் கால் சரியாகிவிட்டதால் வேறு காரணம் வேண்டியிருந்தது.

ஃபலாகேயின் அம்மா நான் தண்ணீர் எடுக்கும் நேரத்தில்தான் ஓடைக்கு வருகிறாள். "உன் பிள்ளைங்க சுகமா?" என்று தினமும் கேட்கிறாள். நான் சுகம் என்கிறேன். திருப்பி அவளிடம் அதையே கேட்க என்னால் முடியவில்லை. குடத்தை முக்கால்வாசி நிரப்பிக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன்.

அக்கா

*

டர்பன்
8 ஜூலை 1957

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் கேட்காதது எல்லாம் அதில் இருந்தது.

மூன்று சீட்டு எழுதிவிட்டேன். ஒன்றில் இசிஜூலா. ஒன்றில் இக்ல்வா. ஒன்றில் வெறும் 'ஈட்டி'. துரை மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு மாடுன்னு பேர் வெக்கறதான்னு சிரிச்சவன் நீதானே?" என்றார். காய்ச்சல் என்று சொல்லி நாலு நாள் படுத்தேன். திரும்பிப் போனபோது அந்த ஈட்டி என் மேசைமேலேயே இருந்தது. விசாரணை ஆகஸ்ட் 19. நான் போய்க் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

இக்ல்வா என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். எப்படித் தெரியும் என்று சொன்னால் அது எந்த வீட்டுப் பொருள் என்பதும் வந்துவிடும். இசிஜூலா என்று சொன்னால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கயிற்றை எடுத்து அந்தப் பையன் கழுத்தில் போடுவார்கள். எனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பேர் தெரியும் என்று வாயைத் திறந்தேனே, தரை துடைத்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

நான் என்ன செய்யட்டும்? நீ சொல். நீ சொன்னபடி செய்கிறேன்.

தம்பி

*

மசிங்கா
25 ஜூலை 1957

துமேஸ்வேனிக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

நீ சொன்னபடி செய்கிறேன் என்று எழுத உனக்கு வெட்கமாக இல்லையா? படித்தவன், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன், உன் தலைச்சுமையை இறக்கி என் தலையில் வைக்கிறாய். எனக்கு மூன்று பிள்ளைகள். அவர்கள் அப்பாவைத் தூக்கில் போடு என்று நான் எழுத வேண்டுமா? இல்லை, அடுத்தவள் பெற்ற ஒரே பிள்ளையைப் போடு என்று எழுத வேண்டுமா? எதை எழுதினால் உனக்குத் தூக்கம் வரும்?

அவர் இப்போது பெரியவர் குடிலில்தான் படுக்கிறார். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சின்னவள் மடியில் ஏறப் போனால் எழுந்துவிடுகிறார். நேற்று வேலி கட்டிக்கொண்டே கேட்டார்.

"உன் தம்பி ஓர் ஈட்டியப் பாத்தா யாருதுன்னு சொல்லிடுவானா?"

"எதுன்னு சொல்லுவான். யாருதுன்னு சொல்ல மாட்டான்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு முள்ளை இறுக்கினார். கையில் ரத்தம் வந்தது. துடைக்கவில்லை.

நல்ல மனுஷன் தம்பி. பத்து வருடத்தில் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. அந்த ஒரு நாள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன்.

இனி இதைப் பற்றி எழுதாதே.

பலேகிலே

*

மசிங்கா
10 ஆகஸ்ட் 1957

தம்பிக்கு,

நீ நலமா? அவசரமாக எழுதுகிறேன், பஸ் வரும் நேரம்.

முந்தாநாள் ஃபலாகேயின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். சிறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, கூட இருக்கும் யாரோ எழுதிக் கொடுத்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. "நீதானே இந்தப் பக்கத்துல படிச்சவ, படிச்சுச் சொல்லும்மா" என்று பாயில் உட்கார்ந்தாள். அவர் வேலிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

படித்தேன். உன் கடிதத்தில் ஒரு பக்கத்தை விழுங்கிய என்னால் இதில் ஒரு வரியைக்கூட விழுங்க முடியவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அம்மா, நான் எறிஞ்சது தண்ணியில விழுந்துச்சு. சத்தம் கேட்டேன். வளைவுல இருக்கிற பெரிய கல்லுப் பக்கத்துல இன்னொரு தடவ தேடச் சொல்லு. ஓடையில தண்ணி வத்தியிருக்கும் இப்ப.' அவ்வளவுதான் கடிதம். அவள் என்னைத் திரும்பவும் படிக்கச் சொன்னாள். மூன்று முறை படித்தேன். தலை நிமிர்ந்தபோது வேலிப் பக்கம் அவர் இல்லை.

நேற்று அவர் மாடுகளை உண்ணி மருந்துத் தொட்டியில் முக்கப் போன நேரம் பெரியவர் குடிலுக்குள் போனேன். பின்மூலைவரை போனேன். பெரியவரே, மன்னியுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஈட்டி இல்லை. உடைந்த காம்புதான் இருந்தது, பாயில் சுருட்டி வைத்திருந்தார். எரித்துவிடலாமே, ஏன் வைத்திருந்தார் என்று யோசித்தேன். அவர் அப்பா கை பட்ட கட்டை. எரிக்க மனம் வந்திருக்காது.

குட்டைக் காம்பு தம்பி. நுனியில் குமிழ். என் கையால் தூக்கினாலே தெரிகிறது, இதை யாரும் எறிய மாட்டார்கள்.

பஸ் ஓட்டுநரிடம் பாயோடு கொடுத்திருக்கிறேன். என்ன பேர் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருப்பதை அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

டர்பன்
24 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டுப் போயிருக்கும். அதனால் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

காம்பை அலகுத் துண்டோடு சேர்த்து வைத்தேன். முறிவு முறிவோடு பொருந்தி உட்கார்ந்தது. அரசு வக்கீல் கேட்டார், "இதற்கு என்ன பேர்?" இக்ல்வா என்றேன். "எறிய முடியாதா?" எறியலாம், யாரும் எறிய மாட்டார்கள் என்றேன். ஃபலாகே சொன்ன கல்லுக்குப் பக்கத்தில் அவன் ஈட்டியும் கிடைத்துவிட்டது, துருப்பிடித்து. கடைசியில் அவனை அனுப்பிவிட்டார்கள்.

காம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பஸ்ஸில் வந்தது என்றேன். சிரித்தார்கள். உன் பேரை நான் சொல்லவில்லை. யாருடைய ஈட்டி என்றும் சொல்லவில்லை. பிறகு நீதிபதி குனிந்து, இந்தக் கம்பிக் கட்டு இப்படி எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறதே, இப்படிக் கட்டுபவர் யார் என்று தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன் அக்கா. முன்னால் ஃபலாகேயின் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். என் அக்கா கல்யாணத்தன்று கட்டியது என்றேன்.

என்னை நீ தம்பி என்று கூப்பிடாவிட்டாலும் நான் உன் தம்பிதான். பணமோ துணியோ எது வேண்டுமானாலும் எழுது.

துமேஸ்வேனி

*

மசிங்கா
3 நவம்பர் 1957

தம்பிக்கு,

பிள்ளைகள் நலம். நானும் இருக்கிறேன். உன் உடம்பை எழுது.

இரண்டு மாதம் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். பேனாவை எடுத்தால் கெட்ட வார்த்தைதான் வந்தது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என்மேலும் இருக்கிறது.

உன் அத்தானுக்குப் பதினைந்து வருடம் என்று தீர்ப்பு. சண்டைக்கு நடுவில் நடந்ததால் தூக்கு இல்லை என்றார்கள். உனக்குத் தெரிந்திருக்கும்.

மூலையை மிதித்ததை நானே சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. இந்த வீட்டை விட்டுப் போகவும் விடவில்லை. சடங்கு முடிந்து பெரியவர் உள்ளே வந்த பிறகு அவர் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நான் எங்கேயும் நகரலாமாம். சடங்குக்கு அந்த ஈட்டி வேண்டும். வேறு ஈட்டியால் குத்தினால் பெரியவருக்குத் தன் வீடு அடையாளம் தெரியாதாம். வழக்கு முடிந்ததும் அதை உங்கள் துரையிடமே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எந்த இழுப்பறையில் இருக்கிறது? பெரியவர் வெளியில் நிற்கிறார், நான் உள்ளே நிற்கிறேன். இரண்டு பேருக்கும் வழி உன் இழுப்பறையில் இருக்கிறது. துரையிடம் கேள். காலில் விழுந்தாவது கேள். சீட்டில் பெரியவர் பேரை எழுதியிருந்தால் அழித்துவிடு. மருமகள் நான் அந்தப் பேரைச் சொல்லவும் கூடாது, படிக்கவும் கூடாது.

போன வாரம் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தேன். இளைத்துவிட்டார். நம் மாட்டுத் தயிரைச் சின்னக் குடுக்கையில் எடுத்துப் போயிருந்தேன். காவலர் கண்டுகொள்ளவில்லை.

"உன் தம்பி என்ன பேர் சொன்னான்?" என்று கேட்டார்.

"இக்ல்வான்னு."

"சரியாத்தான் சொல்லியிருக்கான். எங்கப்பா ஈட்டிய எறியிற ஈட்டின்னு சொல்லியிருந்தா அவன் பல்ல ஒடச்சிருப்பேன்."

சிரித்தேன். அழுகையும் வந்தது. குடுக்கையை நீட்டினேன். வாங்கி, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தார். எத்தனை நாளாயிற்று என்று முகத்தில் தெரிந்தது. மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இங்க யாரு வந்து என் கையக் கழுவிவிடுவா? பதினஞ்சு வருஷம் கழிச்சுக் கொண்டா" என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் அதை நானும் குடிக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. வீடு வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஈட்டியைப் பற்றி உடனே பதில் எழுது. எதையும் மறைக்காமல் எழுது. உன் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்ல இப்போது இங்கே யாரும் இல்லை.

உன் அக்கா,
பலேகிலே